அப்பா கோச், பிள்ளை கோச்!

கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாதஸ்வரம் தேவாமிர்தமாக இருந்திருக்கலாம். பந்தல் ஜோடனை கண்ணைப் பறித்திருக்கலாம். ஆனால் கை கழுவும் இடத்தில் பேச்செல்லாம் சமையல்காரரைப் பற்றித்தான். "இவரை யார் அமர்த்தினது?" என்பார் ஒருவர். "எனக்குத் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்பார் மற்றொருவர். பெண்ணைப் பெற்றவர் இதையெல்லாம் கேட்டும் கேளாதவர்போல் சந்தனக் கிண்ணத்தை நகர்த்திக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவில் இப்படி ஒரு சமையல்காரர் உத்தியோகம் இருக்கிறது. கரண்டி பிடிக்கிற வேலை அல்ல. கல்லூரிக் கால்பந்துக் குழுவில் 'ஆபென்ஸிவ் கோ-ஆர்டினேட்டர்' என்ற வேலை. நாம் தாக்குதல் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்வோம். இந்த உத்தியோகம் காலியானால் போதும். காப்பிக் கடையிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், மாதா கோயில் வாசலிலும் அடுத்த ஆள் யார் என்பதே பேச்சு. வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அபிப்பிராயம் சொல்வோருக்குக் கணக்கே கிடையாது.

இதிலே சுவாரஸ்யம் என்ன இருக்கிறது என்கிறீர்களா? அந்த உத்தியோகத்தில் இருப்பவர் தலைமைக் கோச்சின் சொந்தப் பிள்ளையாகவே இருந்துவிட்டால்? அப்படி நடந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பத்து கஜம், நான்கு தவணை

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் காலால் உதைப்பது குறைவு. கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதும், தூர எறிந்து பிடிப்பதுமே அதிகம். மைதானம் 100 கஜ நீளம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் கட்சிக்கு நான்கு தவணை கொடுப்பார்கள். அதற்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு தவணை. முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். சம்பளத் தேதிக்குள் குடும்பத்தை ஓட்டுகிற மாதிரிதான்! எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3 புள்ளி.

பந்து தம் கையில் இருக்கும்போது ஆடும் 11 பேர் வேறு. எதிரியைத் தடுக்கும் 11 பேர் வேறு. தாக்குதலுக்கு ஒரு கோச், தடுப்புக்கு ஒரு கோச். இருவருக்கும் மேலே தலைமைக் கோச். தாக்குதல் பயிற்சியாளரின் வேலை என்ன தெரியுமா? ஒரு தவணை முடிந்து அடுத்த தவணை தொடங்க 40 விநாடிதான் அவகாசம். அதற்குள் எந்த உபாயம், யார் ஓடுவது, யாருக்கு எறிவது என்று முடிவு செய்து மைதானத்துக்குச் சொல்லியாக வேண்டும். கல்லூரி ஆட்டங்களில் வெகு காலம் கை ஜாடையாலும், பெரிய அட்டைகளில் வரைந்த படங்களாலுமே இதைச் சொல்லிவந்தார்கள். 2024-ல்தான் பெரிய கல்லூரிகளில் ஆட்டக்காரரின் தலைக்கவசத்துக்குள் வானொலிக் கருவி வைக்க அனுமதி கிடைத்தது.

உபாயம் பலித்தால் "ஆகா, என்ன பையன்!" என்று ஆட்டக்காரருக்குப் புகழ். பலிக்காவிட்டால் "யார் ஐயா இந்த யோசனை சொன்னது?" என்று பயிற்சியாளருக்கு வசை. இதுதான் அந்த உத்தியோகத்தின் லக்ஷணம்.

சோள நாட்டில் ஒரு ஊர்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் அயோவா என்று ஒரு ராஜ்யம். கண்ணுக்கெட்டிய தூரம் சோளக் கொல்லை. அங்கே அயோவா சிட்டி என்ற ஊரில்தான் ராஜ்யத்தின் பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இந்த ஊர் முற்றிலும் புதியதல்ல. எழுத்தாளர் அசோகமித்திரன் 1973-ல் அங்கே நடந்த சர்வதேச எழுத்தாளர் முகாமுக்குப் போய்ச் சில மாதம் தங்கியிருந்தார். அந்த அனுபவத்தை வைத்துத்தான் 'ஒற்றன்' நாவலை எழுதினார்.

அயோவாவில் பெரிய தொழில்முறைக் கால்பந்துக் குழு ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே கல்லூரிக் குழுதான் ஜனங்களுக்கு எல்லாம். சனிக்கிழமையானால் குடும்பம் குடும்பமாகக் கின்னிக் ஸ்டேடியத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். 69,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கு அது. 1939-ல் நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்ற நைல் கின்னிக், 1943-ல் போர்க்காலப் பயிற்சியின்போது விமானம் கடலில் விழுந்து இளவயதிலேயே இறந்துபோனார். அவர் பெயரை 1972-ல் அந்த அரங்குக்கு வைத்தார்கள்.

அந்த அரங்கைப் பற்றி இரண்டு செய்தி சொல்கிறேன். இரண்டும் உங்களுக்குப் பிடிக்கும். முதலாவது, எதிர்க் கட்சியினர் உடை மாற்றும் அறைக்கு ரோஜா வர்ணம் பூசியிருக்கிறார்கள்! ஹேடன் ப்ரை என்ற பழைய கோச் மனத்தத்துவம் படித்தவர். ரோஜா வர்ணத்தைப் பார்த்தால் எதிரியின் ஆவேசம் அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. 2005-ல் அரங்கைப் புதுப்பித்தபோது அந்த அறையில் இன்னும் அதிகமாக ரோஜா வர்ணம் பூசினார்கள். அப்போது, "பெண்களின் நிறம் என்றால் பலவீனம் என்று அர்த்தமா?" என்று கேட்டுக் கண்டித்தவர்களும் உண்டு. நியாயமான கேள்விதானே?

இரண்டாவது செய்தி மனத்தை உருக்குவது. அரங்குக்கு எதிரிலேயே குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரி பல மாடிகளுடன் நிற்கிறது. 2017 முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும், அரங்கில் உள்ள அத்தனை ஜனங்களும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டுகிறார்கள். ஆட்டக்காரர்களும், கோச்சுகளும், எதிர்க் கட்சியாருங்கூட ஆட்டுகிறார்கள். ஜன்னல் ஓரத்தில் நிற்கும் நோயாளிக் குழந்தைகள் பதிலுக்குக் கையை ஆட்டுகின்றன.

இத்தனை நல்ல மனசு படைத்த அதே ஜனங்கள்தான், அடுத்த கால் பகுதி தொடங்கியதும் தாக்குதல் பயிற்சியாளரைத் திட்ட ஆரம்பிப்பார்கள்!

தகப்பனும் மகனும்

கிர்க் பெரன்ட்ஸ் என்பவர் 1999 சீசனிலிருந்து அயோவாவின் தலைமைக் கோச். ஒரே கல்லூரியில் கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நிற்பது அந்தத் தொழிலில் அபூர்வத்திலும் அபூர்வம். அவருக்கு ஐந்து குழந்தைகள். அவர்களில் ஒருவரான பிரையன், தகப்பனாரின் குழுவிலேயே ஆடியவர். பிறகு வெளியே போய்த் தொழில்முறைக் குழுவில் பழகிவிட்டு, 2012-ல் அயோவாவுக்கே உதவிக் கோச்சாகத் திரும்பினார். 2017-ல் தாக்குதல் பயிற்சியாளர் ஆனார்.

சொந்தப் பிள்ளைக்கு உத்தியோகம் கொடுக்கலாமா என்ற கேள்வி அங்கேயும் உண்டு. பல்கலைக்கழக விதி இடம் கொடுக்காது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். காகிதத்தில் பிரையனுக்கு மேலதிகாரி தகப்பனார் அல்ல. விளையாட்டுத் துறை இயக்குநர். அலுவலகத்தில் அப்பா அப்பா அல்ல, பிள்ளை பிள்ளை அல்ல! காகிதம் என்னவோ அப்படித்தான் சொல்லிற்று. காலரியில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் காகிதம் படிப்பவர்களா?

சில வருஷங்கள் நன்றாகவே ஓடின. ஆனால் 2022-ல் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. பெரிய கல்லூரிகள் 131 போட்டியிட்டதில், பந்தை முன்னே கொண்டுசெல்லும் கணக்கில் அயோவா 130-வது! ஆட்டத்துக்குச் சராசரி 18 புள்ளிகூட இல்லை. "பிள்ளை என்பதால்தானே வைத்திருக்கிறார்?" என்ற முணுமுணுப்பு கூச்சலாக மாறியது.

2023 பிப்ரவரியில் நிர்வாகம் ஒரு விசித்திரமான ஒப்பந்தம் எழுதியது. பிரையனின் வருஷச் சம்பளம் 9,00,000 டாலரிலிருந்து 8,50,000 டாலராகக் குறைந்தது. அடுத்த சீசனில் குழு ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும். ஏழு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் உத்தியோகம் நீடிக்காது. 13 ஆட்டத்துக்கு 25 வீதம் 325 புள்ளி. அவ்வளவுதான், பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்! ஒவ்வொரு வாரமும் "இதுவரை இத்தனை, பாக்கி இத்தனை" என்று பால் கணக்குப்போல் எழுத ஆரம்பித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: தடுப்புக் குழு பந்தைப் பறித்து எடுக்கும் புள்ளிகளும் இதே கணக்கில்தான் சேரும். பக்கத்து வீட்டு அடுப்பில் வெந்த சோற்றையும் நம் வீட்டுச் சமையலாக எழுதிக்கொள்ளலாம் என்றார்கள்!

ஜெயித்தும் தோற்றவர்

2023 சீசனில் என்ன நடந்தது? அயோவாவின் முதல்தரப் பந்தெறியாளருக்கு ஐந்தாவது ஆட்டத்தில் முழங்காலில் பலத்த அடி. அந்த வருஷம் அவர் திரும்பி வரவே இல்லை. பந்து பிடிப்பதில் கெட்டிக்காரர்கள் இருவரும் அடிபட்டுப் படுத்தார்கள். எட்டு ஆட்டம் முடிந்தபோது சராசரி 19.5 புள்ளி. ஆனால் கவனியுங்கள்: அந்த எட்டில் ஆறு ஆட்டம் ஜெயித்திருந்தார்கள்!

அக்டோபர் 30-ந் தேதி அறிவிப்பு வந்தது. சீசன் முடிந்ததும் பிரையன் விலகுவார் என்று. அறிவித்தவர் பெத் கெட்ஸ் என்ற பெண்மணி. ஒரு காலத்தில் பெண்கள் கால்பந்துக் குழுவுக்குக் கோச்சாக இருந்தவர். அப்போது துறையின் தற்காலிக இயக்குநர். வீட்டுப் பெரியவர் தயங்கும் காரியத்தை வெளியிலிருந்து வந்தவர் செய்துவிட்டார். சீசன் முடிந்த பிறகு பேசியிருக்கலாமே என்பது தகப்பனாரின் மனக்குறை. அதை அவர் மறைக்கவில்லை. பிள்ளையோ பாதியில் மூட்டை கட்டவில்லை. கடைசி ஆட்டம் வரை வேலை பார்த்தார்.

இதற்குப் பதினைந்து நாள் முன்புதான், அதே கின்னிக் அரங்கில், கெய்ட்லின் கிளார்க் என்ற பெண்ணும் அவளுடைய தோழிகளும் கூடைப்பந்து ஆடியதைப் பார்க்க 55,646 பேர் கூடியிருந்தார்கள். பெண்கள் கூடைப்பந்துக்கு அதுவரை எங்கேயும் கூடாத கூட்டம். புள்ளிகள் மழையாகப் பொழிவதைப் பார்க்க ஆசைப்பட்ட அயோவா ஜனங்கள் அந்த வருஷம் பெண்களின் ஆட்டத்தில்தான் தாகத்தைத் தீர்த்துக்கொண்டார்கள்!

ஆண்கள் குழு கடைசியில் 14 ஆட்டத்தில் 10 ஜெயித்தது. எடுத்த புள்ளிகள் மொத்தம் 216. 325 எங்கே, 216 எங்கே! கடைசி இரண்டு ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அப்படியானால் பத்து வெற்றி எப்படி வந்தது? தடுப்புக் குழுவின் தயவால் வந்தது. அதன் பயிற்சியாளர் பில் பார்க்கருக்கு அந்த வருஷம் நாட்டின் சிறந்த உதவிக் கோச் என்ற பிராய்ல்ஸ் விருது கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டோரி டெய்லர் என்ற இளைஞர், தாக்குதல் பலிக்காதபோதெல்லாம் பந்தைத் தூர உதைத்து எதிரியை மூலையில் தள்ளி, ஊருக்கே செல்லப்பிள்ளை ஆனார். ஒரே சமையற்கட்டில் ஒருவருக்குத் தங்கத் தோடா. மற்றொருவருக்கு வாசல் வழி!

நாலு கட்சிகள்

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசி வரை மூன்று மாதம். அயோவாவில் அடுத்த ஆளைத் தேடும் படலம் நடந்தது. மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் உறவினர்கள் கட்சி பிரிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே காட்சிதான்.

முதல் கட்சி, "பேர் பெற்றவராக வரட்டும்" என்றது. வேறு இடத்தில் தலைமைக் கோச்சாக இருந்து பழுத்தவர் வந்தால்தான் கிழவர் காது கொடுத்துக் கேட்பார் என்பது இவர்கள் வாதம். இரண்டாவது கட்சி, "இளம் வயதுக்காரர் வேண்டும், புது மோஸ்தர் உபாயங்கள் வேண்டும்" என்றது. மூன்றாவது கட்சி, "வீட்டோடு இருப்பவரையே உயர்த்துங்கள். புது ஆள் வந்து நம் வழக்கம் பழகுவதற்குள் இரண்டு வருஷம் போய்விடும்" என்றது. கல்லூரியில் ஒரு பையன் ஆடுவது நான்கு வருஷம். அதில் இரண்டு வருஷம் பழகுவதிலேயே போனால் பையன் கதி என்ன? இந்தக் கேள்வியைத் தள்ள முடியாது.

நாலாவது கட்சிதான் எல்லாரையும் வாயடைக்கச் செய்தது. "யார் வந்தால் என்ன? அபாயம் இல்லாமல் மெல்ல ஆடி, தடுப்பை நம்பி ஜெயிப்பது தலைமைக் கோச்சின் இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம். எஜமானர் காரம் வேண்டாம் என்று சொல்லும் வீட்டில், எந்தச் சமையல்காரர் மிளகாய் போடுவார்?" என்றார்கள்.

இதற்குப் பதில் சொல்லுமுன் லூஸியானா ராஜ்யத்துக்கு ஒரு நடை போய் வருவோம்.

லூஸியானாவில் நடந்தது

அங்கே எல்.எஸ்.யு. என்ற பல்கலைக்கழகம். 2017-ல் மாட் கனடா என்ற பெயர் பெற்ற பயிற்சியாளரை வருஷத்துக்குச் சுமார் 15 லட்சம் டாலர் கொடுத்து அழைத்துவந்தார்கள். தலைமைக் கோச்சுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரே வருஷத்தில் பிரிந்தார்கள். 2018 ஜனவரியில் தலைமைக் கோச் எட் ஓர்ஜெரான், தம்மிடம் ஏற்கனவே வேலை பார்த்த ஸ்டீவ் என்ஸ்மிங்கரையே அந்த இடத்துக்கு உயர்த்தினார். அறுபதை நெருங்கிய மனிதர், அதே கல்லூரியின் பழைய ஆட்டக்காரர், ஆர்ப்பாட்டமில்லாத சுபாவம். ரஸிகர்களில் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள்.

மறு வருஷம், ஜோ பிரேடி என்ற முப்பதை நெருங்கிய இளைஞரைத் துணைக்கு அழைத்துவந்து என்ஸ்மிங்கர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பெரியவரின் அனுபவமும், இளையவரின் புது யோசனையும் சேர்ந்தன. 2019 சீசனில் எல்.எஸ்.யு. ஆடிய 15 ஆட்டமும் வெற்றி! ஜோ பரோ என்ற பந்தெறியாளர் 60 முறை பந்தெறிந்து 'டச்டவுன்' வாங்கித் தந்தார். தேசத்தின் முதல் இடம் அவர்களுக்கே.

அந்த வெற்றி யாத்திரையின் நடுவே ஒரு நாள்: 2019 டிசம்பர் 28. அட்லாண்டா நகரில் அரை இறுதி ஆட்டம். ஆட்டத்தைப் பார்க்கச் சிறு விமானத்தில் கிளம்பிய என்ஸ்மிங்கரின் மருமகள், அந்த விமானம் விழுந்து இறந்துபோனாள். ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது செய்தி வந்தது. அந்த மனிதர் தம் இடத்தில் போய் உட்கார்ந்து, கடைசி வரை தம் வேலையைச் செய்தார். எல்.எஸ்.யு. 63–28 என்று ஜெயித்தது. இரண்டு வருஷத்துக்கு முன் "இவரா?" என்று கேட்டவர்கள் அன்றைக்கு அவருக்காகக் கண்ணீர் விட்டார்கள்.

லூஸியானாவில் ஜாதகம் பொருந்திய ஆள் பொருந்தவில்லை. யாரும் எதிர்பாராத ஆள் பொருந்திவிட்டார். மேலே இருப்பவர் விட்டுக்கொடுத்தாரா, பக்கத்தில் சரியான துணை அமைந்ததா, ஆடுகிற பையன்கள் திறமைசாலிகளா, இந்த மூன்றையும் பார்க்காமல் ஆளை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பிவிடும்.

வந்தவர் யார்?

2024 ஜனவரி கடைசியில் அயோவா முடிவு செய்தது. வந்தவர் டிம் லெஸ்டர். மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் தலைமைக் கோச்சாக இருந்து, 2022 முடிவில் அவரும் வேலையை இழந்தவர்தான். வீட்டுக்கு அனுப்பப்படும் வலி இன்னதென்று தெரிந்தவர். ஊர் ஒன்றும் மேளம் கொட்டி வரவேற்கவில்லை.

நாலாவது கட்சியின் ஜோசியம் பலித்ததா? முழுக்கப் பலிக்கவில்லை. 2024-ல் அயோவா சராசரி 27 புள்ளிக்கு மேல் எடுத்தது. பிரையனுக்கு விதித்த 25-ஐ லெஸ்டர் முதல் வருஷத்திலேயே தாண்டிவிட்டார். ஆக, கிழவர் கொஞ்சம் மிளகாய்க்கு இடம் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வெற்றிகளை எண்ணிப் பார்த்தால், முந்தின வருஷம் 10. இந்த வருஷம் 8! புள்ளி கூடிற்று, வெற்றி குறைந்தது. இதில் யார் சொன்னது சரி? அயோவா ஜனங்கள் இதைப் பற்றி வாதாட இன்னொரு குளிர்காலம் முழுவதும் கிடைத்தது.

பிரையன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 2024-ல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழுவில் ஒரு சிறிய பதவியில் சேர்ந்தார். விதியைப் பாருங்கள். அந்த வருஷம் நவம்பர் 23-ந் தேதி அயோவாவுக்கும் மேரிலாந்துக்குமே ஆட்டம்! மைதானத்தின் ஒரு பக்கம் தகப்பன்; எதிர்ப் பக்கத்துக் குழுவில் மகன். அயோவா 29, மேரிலாந்து 13.

தகப்பனுக்கு வெற்றி. ஐந்து பெற்று வளர்த்த அந்த அம்மாள் அன்றைக்கு எந்தப் பக்கத்துக்குக் கை தட்டியிருப்பாள்? உங்களில் பிள்ளை பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.